முன்கடையில் வாடகைக்காரர், பின்வீட்டில் ஓனர்

வா தம்பி, உக்காரு. மனுவை டைப் அடிச்சே கொண்டாந்துட்டியா? லெட்டர்பேடு ஜோரா இருக்கு. இடது ஓரத்துல தலைவர், கௌரவத் தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர் அஞ்சு பேருன்னு செல் நம்பரோட பாதித் தாளை நிர்வாகிகளே அடைச்சிட்டாங்க. மிச்சப் பாதியிலதான் நம்ம ஊர் வியாபாரிங்க குறை. பரவால்ல. பதவி கொடுக்கலேன்னா சந்தா வராது, அது எனக்கும் தெரியும். மண்டியில கணக்கெழுதிக் கெழவனானவன் நான்.

எம்.எல்.ஏ.கிட்ட கொடுக்கப் போறீங்களா? அப்போ துறையூர் பஸ் ஏறுங்க. ஒரு காலத்துல நம்ம ஊர் பேருலயே சட்டமன்றத் தொகுதி இருந்துச்சு. உப்பிலியபுரம், பழங்குடியினருக்கு ஒதுக்கின தனித்தொகுதி. பச்சைமலையிலேர்ந்து இறங்கி வந்து கேக்கறதுக்கு ஒரு ஆள் இங்கேயே இருந்தாரு. 2006 தேர்தலோட சரி. 2008 மறுவரையறையில ஊர் பேரையே பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. 2011-லேர்ந்து நாம துறையூர் தொகுதி. அதனால மனுவை ரெண்டு காப்பி எடுத்துக்க. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு திங்கக்கிழமை திருச்சி கலெக்டர் ஆபீஸுக்கு. மூணாவது காப்பி பேப்பர்காரங்களுக்குன்னு நீயே எடுத்து வச்சிருப்ப, அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சங்கதிக்கு வருவோம். முதல் கோரிக்கை என்ன எழுதியிருக்க? "வாடகைக் கடைகளில் தொழில் செய்யும் வணிகர்களுக்கு உரிய சட்டப் பாதுகாப்பு வழங்க வேண்டும்." நல்ல வாசகம். சட்டமன்றத்துல மேசையைத் தட்டலாம். ஆனா தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. கடைவீதியில நீ வாடகைக்கு இருக்க. உன் வீட்டுக்குப் பின்னால ரெண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்க. பொருளாளருக்கு மெயின் ரோட்டுல மூணு கடை. துணைத் தலைவர்கள்ல ரெண்டு பேரு, வாடகைக்கு எடுத்த கடையை உள்வாடகைக்கு விட்டுட்டு திண்ணையில உக்காந்திருக்காங்க. இந்த மனு யாரைக் காப்பாத்தறதுக்கு, யார்கிட்டேயிருந்து?

சிரிக்காத. இதுதான் சங்கத்தோட மூலவியாதி. காலையில ஒம்போது மணிக்கு ஷட்டரைத் தூக்கினா நீ வாடகைக்காரன். "ஓனர் அநியாயம் பண்றான், வருஷா வருஷம் ஏத்தறான், அட்வான்ஸுக்கு ரசீது தரமாட்டேங்கறான்." ராத்திரி ஒம்போதரைக்கு ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போனா நீ ஓனர். பின்வீட்டு வாத்தியார் குடும்பத்துக்கு சப்-மீட்டர் வச்சு, ஈபி வாங்கற ரேட்டை விட ஒசத்திப் பில் போடற. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல விருந்தாளி கூடாது, மோட்டார் ஒரு வேளைதான். காலி பண்ணும்போது வெள்ளையடிக்கறதுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கற. வெள்ளையடிச்சியான்னு நான் கேக்கல. வாத்தியாரும் கேக்க மாட்டாரு, அவருக்கு டிரான்ஸ்பர் ஆயிருக்கும்.

ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நின்னா சங்கம் எப்படித் தம்பி கூவும்? தொண்டையில நிக்கும். அதனாலதான் வரி, அபராதம், உரிமக் கட்டணம்னா சங்கத்துக்கு சிங்கக் குரலு. வாடகைச் சட்டம்னா மட்டும் "உரிய பாதுகாப்பு"ன்னு வழவழா. உரியன்னா எவ்வளவு? உரின்னாலாவது ஒரு அளவு இருக்கு.

பழைய சட்டம் உனக்கு நினைவிருக்காது. 1960-ல வந்த கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதுல நியாய வாடகைன்னு ஒண்ணு உண்டு. கட்டடத்தோட மொத்த மதிப்புல, குடியிருப்புன்னா வருஷத்துக்கு நூத்துக்கு ஒம்போது, கடைன்னா நூத்துக்குப் பன்னெண்டு, அதுதான் வாடகை. ஓனருக்குப் பிடிக்கலேன்னு காலி பண்ணச் சொல்ல முடியாது. வாடகை பாக்கி, சொந்த உபயோகம், இடிச்சுக் கட்டறதுன்னு காரணம் காட்டி நிரூபிக்கணும். கேஸ் போட்டவரு பேரன் காலத்துல தீர்ப்பு வாங்கின கதையெல்லாம் திருச்சி கோர்ட்டு வாசல் டீக்கடையில கேட்டிருக்கேன். வாடகைக்காரன் ராஜாவா இருந்தான். அதுக்குப் பயந்து, கடையைப் பூட்டிப் போட்டாலும் போடுவேன், வாடகைக்கு விடமாட்டேன்னு ஓனரு இருந்தாரு.

அதை ரத்து பண்ணிட்டு 2017-ல புதுச் சட்டம் போட்டாங்க. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமையும் பொறுப்பும்னு நீளமா ஒரு பேரு. 2019 பிப்ரவரி 22-லேர்ந்து நடைமுறையில இருக்கு. நியாய வாடகை போச்சு. ரெண்டு பேரும் பேசி எழுதிக்கிட்டதுதான் வாடகை. எழுதினதை வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. கடையை ஒப்படைச்ச ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி போக அட்வான்ஸைத் திருப்பித் தரணும். சண்டை வந்தாலும் கரண்டை, தண்ணியை ஓனர் நிறுத்தக் கூடாது. பாத்தியா, இத்தனையும் சட்டத்துல ஏற்கெனவே எழுதியிருக்கு. நீ புதுசா பாதுகாப்பு கேட்டு டைப் அடிச்சிருக்க.

அந்த மூணு மாசத்துலயும் ஒரு வால் உண்டு. "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி"ன்னு. அதாவது பத்து மாசம் தர்றேன்னு நீயே கையெழுத்துப் போட்டா சட்டம் ஓரமா ஒதுங்கி நின்னு வேடிக்கை பாக்கும். சங்கம் உருப்படியா ஏதாவது கேக்கணும்னா அந்த வாலை நறுக்கச் சொல்லிக் கேக்கணும். கேக்குமா? பொருளாளர் ஒத்துக்குவாரா? மூணு கடையிலயும் பத்துப் பத்து மாசம் வாங்கி, அந்தப் பணத்துலதானே நாலாவது கடைக்கு அஸ்திவாரம் போட்டிருக்காரு.

இன்னொண்ணு, இதைக் காதைத் தீட்டிக் கேளு. நம்ம கடைவீதியில எழுத்து ஒப்பந்தம் எத்தனை பேருகிட்ட இருக்கு? வாய்ப்பேச்சு. மிஞ்சிப் போனா நூறு பக்க நோட்டு ஒண்ணு, மாசா மாசம் ஓனர் ஒரு கிறுக்குக் கிறுக்குவாரு. எழுதலேன்னா நல்லது, வரி கிரின்னு எவனும் வரமாட்டான்னு உனக்கு நினைப்பு. அதே சட்டத்தோட 4-வது பிரிவு எழுத்து ஒப்பந்தம் போடுன்னு சொல்லுது. 21-வது பிரிவு, ஓனர் எந்தெந்தக் காரணத்துக்காகக் கடையைத் திரும்பக் கேக்கலாம்னு வரிசையா சொல்லுது. அந்த வரிசையில முதல்ல நிக்கறதே ஒப்பந்தம் போடாததுதான். பாக்கி வச்சவனெல்லாம் அதுக்கப்புறம். மாசம் தவறாம வாடகை கட்டின உன்னை, "எழுதலை"ங்கற ஒரே காரணத்தை வச்சு ஓனர் வாடகைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். சாமர்த்தியம்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்கறதை வக்கீல் கையில கொடுத்துப் பாரு, எப்படிச் சிரிக்கறாருன்னு.

ரெண்டாவது கோரிக்கை, வாடகைக்கு ஜிஎஸ்டி. இது டெல்லி சமாச்சாரம். ஆனாலும் எழுது, எழுதறதுல தப்பில்லை. 2024 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சிலோட 54-வது கூட்டத்துல முடிவு பண்ணாங்க. அக்டோபர் 10-லேர்ந்து அமல். ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரா இருந்து, வாடகைக்காரர் பதிவு உள்ளவரா இருந்தா, கடை வாடகைக்கு நூத்துக்குப் பதினெட்டு வாடகைக்காரரே கட்டணும். வாடகை பத்தாயிரம்னா வரி ஆயிரத்தி எண்ணூறு. விக்கிரமராஜாவோட வணிகர் சங்கங்களின் பேரமைப்பு தமிழ்நாடு பூரா ஆர்ப்பாட்டம் பண்ணுச்சு. டிசம்பர்ல ஜெய்சால்மர்ல 55-வது கூட்டம், அதுல காம்போசிஷன்ங்கற தொகுப்பு வரி கட்டற சின்ன வியாபாரிகளை மட்டும் விட்டுட்டாங்க. மத்தவங்க கட்டினதை உள்ளீட்டு வரியா கழிச்சுக்கலாம். அதாவது, கத்தினதுக்குப் பலன் கிடைச்சுது. ஏன் தெரியுமா? அங்கே வாடகைக்காரனும் ஓனரும் ஒரே பக்கம் நின்னாங்க. எதிராளி வெளியில இருந்தாரு.

வெளியில எதிராளி இருந்தா நாம எப்பவுமே கெட்டி. திருச்சியில கள்ளிக்குடி மார்க்கெட்டைப் பாரேன். காந்தி மார்க்கெட்டு நெரிசல் தாங்கலேன்னு மதுரை ரோட்டுல எழுபது கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணிக் கட்டி 2017-ல திறந்தாங்க. கடை சின்னது, ஊருக்கு வெளியில இருக்கு, லாரி வந்தாலும் வாங்கறவன் வரமாட்டான்னு மொத்த வியாபாரிங்க நகரவே இல்லை. வழக்கு, தடை, பேச்சுவார்த்தை, கொரோனா காலத்துல ஜி கார்னர் மைதானத்துல வியாபாரம், மறுபடியும் காந்தி மார்க்கெட்டு. இப்போ பஞ்சப்பூர்ல புதுசா இன்னொண்ணு கட்டறாங்க. சரியா தப்பான்னு நான் சொல்ல வரலை. அத்தனை வருஷம் ஒரே குரல்ல "போகமாட்டோம்"னு நின்னாங்களே, அதுல பாதிக் குரலாவது அட்வான்ஸுக்கு ரசீது கேக்கறதுல இருந்திருந்தா, இன்னிக்கு இந்த மாவட்டத்துல ரசீது இல்லாத கடையே இருந்திருக்காது. எவன் கேப்பான்? கேக்கறவனும் கொடுக்கறவனும் ஒரே பந்தியில உக்காந்திருக்கோம்.

மூணாவது, சொத்து வரி. ஆமா, அது கனம்தான். 2022 ஏப்ரல்ல ஏத்தினாங்க. சின்ன வீட்டுக்கு நூத்துக்கு இருபத்தஞ்சு, பெரிய வீட்டுக்கு நூறு, சென்னையைத் தவிர மத்த ஊர்ல வணிகக் கட்டடத்துக்கு முழுசா நூறு. ஒரே அடியில ரெண்டு மடங்கு. அடுத்த மாசமே, மே 5-ம் தேதி, திருச்சியிலேயே வணிகர் மாநாடு. முதலமைச்சர் ஸ்டாலின் வந்தாரு. நல வாரியத்துல இருக்கற வியாபாரி இறந்தா குடும்பத்துக்குக் கொடுக்கற உதவியை ஒரு லட்சத்துலேர்ந்து மூணு லட்சமா ஏத்தறோம்னு சொன்னாரு. மாலை, பொன்னாடை, கைத்தட்டு. செத்தா கிடைக்கறது மூணு மடங்கு, உசுரோட இருந்தா கட்டறது ரெண்டு மடங்கு. கணக்குப்பிள்ளை புத்தி எனக்கு, அதைத்தான் முதல்ல போட்டுப் பாத்தேன். வரியை ஏத்தினது சுமைன்னு நீ எழுதறது வாஸ்தவம். ஆனா வரி ஏறினதைச் சொல்லி பின்வீட்டு வாத்தியார்கிட்ட எவ்வளவு ஏத்தின? வரி வருஷத்துக்குச் சில நூறுதான் கூடியிருக்கும். நீ மாசத்துக்கு ஐநூறு ஏத்தின. அந்த வருஷம் அரசாங்கத்தை விட உனக்குத்தான் லாபம்.

மே 5-ன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்கு வணிகர் தினம், கடை அடைப்பு, சரி. ஒரே தேதி, ரெண்டு மாநாடு. பேரமைப்பு ஒரு ஊர்ல, வெள்ளையன் ஐயாவோட வணிகர் சங்கங்களின் பேரவை இன்னொரு ஊர்ல. அவரு 2024 செப்டம்பர்ல காலமாயிட்டாரு. சில்லறை வியாபாரத்துல வெளிநாட்டுக் கம்பெனிங்க வரக்கூடாதுன்னு கடைசி வரைக்கும் பேசினவரு. ஒரே கோரிக்கையை ரெண்டு மேடையில வச்சா கேக்கறவங்களுக்கு வசதி தம்பி. ஒருத்தருக்கு மாலை போட்டுட்டு இன்னொருத்தரைக் காக்க வைக்கலாம்.

உரிமக் கட்டண விவகாரம் ஒண்ணு எழுதியிருக்க பாரு, அது நல்லா இருக்கு. நாம பேரூராட்சி, நமக்கு ஏற்கெனவே உரிமம் உண்டு. சுத்தியிருக்கற ஊராட்சிகள்ல 2025-ல புது விதி போட்டாங்க, டீக்கடை வரைக்கும் உரிமம் எடுக்கணும்னு. கிராமமெல்லாம் கொதிச்சுது, வியாபாரிங்க எதிர்த்தாங்க, நிறுத்தி வச்சாங்க. கோபம் சூடா இருக்கும்போது கேட்டா அரசாங்கம் இறங்கி வரும். 2023-ல பன்னெண்டு மணி நேர வேலை மசோதா ஏப்ரல் 21-ல சட்டமன்றத்துலேயே நிறைவேறிடுச்சு. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒண்ணா நின்னுச்சு, மே 1-ம் தேதி திரும்பப் பெற்றோம்னு அறிவிச்சாரு முதலமைச்சர். பத்தே நாளு. அதைப் பண்ணினது தொழிலாளிங்க. நம்ம கடையில வேலை பாக்கற பசங்கன்னு வச்சுக்கயேன்.

அவங்களைப் பத்தி மனுவுல ஒரு வரியும் காணோமே? 2021-ல கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இருக்கை கொடுக்கணும்னு சட்டம் போட்டாங்க. உன் ஜவுளிக் கடையில ஸ்டூலு இருக்கு, நான் பாத்தேன். அதுமேல நைட்டி பண்டல் மூணு அடுக்கி, உச்சியில விலைச்சீட்டு அடிக்கற மிஷின். அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒரு கால் மாத்தி ஒரு கால் நிக்குது. ஆய்வாளர் வந்தா பண்டலை இறக்கிடுவியாக்கும். பொதுவா சொல்றேன், நம்ம சங்கம் சட்டம் வேணும்னு கேக்கறதெல்லாம் நமக்கு மேல இருக்கறவனைக் கட்டறதுக்கு. நமக்குக் கீழ இருக்கறவனைக் காக்கற சட்டம்னா அது "வணிக விரோதப் போக்கு".

   

கேக்கற தோரணையைக் கட்டடம் கட்டறவங்ககிட்ட கத்துக்க. அவங்க சங்கம் "உரிய சலுகை"ன்னு எழுதாது. எத்தனை சதுர அடி, எத்தனை மீட்டர் உசரம், எத்தனை வீடுன்னு அளவு போட்டுக் கேக்கும். 2024 மார்ச்சுல எட்டு வீடு வரைக்கும், எழுநூத்தி ஐம்பது சதுர மீட்டர், பதினாலு மீட்டர் உசரம் வரைக்கும் உள்ள குடியிருப்புக்குக் கட்டட முடிப்புச் சான்றிதழ் வேண்டாம்னு விதி மாறுச்சு. முன்னே மூணு வீடுதான். அதே வருஷம் ஜூலையில, ரெண்டாயிரத்தி ஐநூறு சதுர அடி மனையில மூவாயிரத்தி ஐநூறு சதுர அடி வரைக்கும் வீடு கட்ட சுயசான்றுல உடனடி அனுமதி. விதி எப்பவும் எண்ணுலதான் மாறும். உன் மனுவுல எண்ணே இல்லை, செல் நம்பரைத் தவிர.

அதனால ஒரு காரியம் பண்ணு. இதைக் கிழிக்க வேண்டாம், பின்பக்கம் காலியாத்தான் இருக்கு, அதுலேயே எழுது. ஒண்ணு: கடைக்கு மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ், எந்த ஒப்பந்தத்தாலயும் செல்லாதுன்னு சட்டத்தைத் திருத்தணும். ரெண்டு: வாடகை அதிகாரி துணை ஆட்சியர் அந்தஸ்துல எங்கேயோ இருக்காரு, மாசம் ஒரு நாள் துறையூர்ல முகாம் போட்டு ஒப்பந்தம் பதிவு பண்ணித் தரணும். மூணு: தமிழ்ல மாதிரி ஒப்பந்தப் படிவம் பேரூராட்சி ஆபீஸ்லயே கிடைக்கணும். அவ்வளவு போதும். அதிகாரி ஒரு மூச்சுல படிச்சு முடிக்கலாம், மறுக்கறதுக்குக் காரணம் தேடணும்.

கையெழுத்து வாங்கும்போது பொருளாளர்கிட்ட முதல்ல போ. முதல் கோரிக்கையைப் படிச்சதும் அவருக்கு இருமல் வரும். தண்ணி கொடு, காத்திரு. "இதைப் பொதுக்குழுவுல வச்சுப் பேசிக்கலாமே"ம்பாரு. பொதுக்குழுவுல வாடகைக்காரங்கதான் அதிகம்னு அவருக்கே ஞாபகம் வந்து, தானே போட்டுடுவாரு. போடலேன்னா அந்தக் கோரிக்கை எதனால இத்தனை வருஷமா மேடை ஏறலேங்கறது உனக்குத் தெரிஞ்சிடும், அதுவும் லாபம்தான்.

கலெக்டர் ஆபீஸுக்குப் போறதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமையே முத்திரைத்தாள் விக்கறவர்கிட்ட சொல்லி வை. உன் ரெண்டு போர்ஷனுக்கும் ஒப்பந்தம் எழுதி, வாத்தியார் குடும்பத்துக்கு ஒரு காப்பி கொடு, வாங்கின அட்வான்ஸுக்கு ரசீது எழுதிக் கொடு, அந்த சப்-மீட்டரை ஈபி ரேட்டுக்கு இறக்கு. அப்புறம் திங்கக்கிழமை காலையில பஸ் ஏறு.